மண்ணு வேணாம்

இந்தக் காலத்து ஜனங்களுக்கு எதை எங்கே கட்டுவது என்கிற விவஸ்தையே இல்லை என்பது மண்ணாங்கட்டியின் முடிவான கருத்து. மாட்டுக் கழுத்தில் கட்டுகிற மணியை சைக்கிளில் கட்டுகிறார்கள். மனுஷன் இடுப்பில் கட்டுகிற வாரை நாய்க்குக் கட்டுகிறார்கள். கையில் கடியாரத்தைக் கட்டிக்கொண்டு, ஜட்கா ஓட்டுகிறவனிடம் வந்து மணி என்ன என்று கேட்கிறார்கள். பயாஸ்கோப்பில் பொம்மை பேச ஆரம்பித்துவிட்டது என்று டிராமில் தொங்கிக்கொண்டு ஓடுகிறார்கள். அதெல்லாம் எக்கேடு கெட்டாவது போகட்டும். வாசல் நிலையில் கட்டுகிற திருஷ்டியில்கூடவா புதுமை?

ஊரெல்லாம் கட்டுவது கற்றாழை. வேரோடு பிடுங்கித் தலைகீழாக வாசலுக்கு மேலே தொங்கவிட்டால், மண்ணும் இல்லாமல் தண்ணீரும் இல்லாமல் அது பாட்டுக்குப் பச்சையாக இருந்துகொண்டு, வருகிறவன் போகிறவன் கண்ணில் இருக்கிற கொள்ளியையெல்லாம் வாங்கிக்கொள்ளும். மண்ணாங்கட்டியின் தம்பி பக்கிரி கட்டியிருந்தது கற்றாழை இல்லை. முழங்கை நீளத்தில் ஒரு சாம்பல் நிறக் கட்டை. உடம்பெல்லாம் முள். வேர் மேலேயும் தலை கீழேயுமாக, உள்ளே நுழைகிறவன் நெற்றியில் இடிக்கிற உயரத்தில் தொங்கியது.

கத்திரி வெயில் கொளுத்திக்கொண்டிருந்த நாட்கள் அவை. மந்தைவெளிப் பக்கத்துக் கிணறுகளெல்லாம் அடித்தரையைக் காட்டிக்கொண்டிருந்தன. குளத்துச் சேறு வெடித்துப் பாளம் பாளமாகப் பெயர்ந்திருந்தது. ஒரு காலையில் வண்டி பூட்டப் புறப்பட்ட மண்ணாங்கட்டி, தம்பி வாசலைத் தாண்டும்போது அண்ணாந்து பார்த்தான். வெட்டுப்பட்ட வேர் நுனிகள் ஈரமாக இருந்தன.

விரலால் தொட்டு முகர்ந்தான். மழை வாசனை. முதல் தூறல் விழுந்ததும் தெருப்புழுதியிலிருந்து கிளம்புமே, அந்த வாசனை. வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. எவளோ தண்ணீர் தெளித்திருக்கிறாள் என்று விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டான். அப்படித் தெளிக்கக்கூடியவள் யார் என்று யோசித்ததும் அவன் வாய் கசந்தது.

வீடு ஒன்றுதான். ஒரே கூரை, இரண்டு வாசல், நடுவில் ஒரு கீற்றுத் தட்டி. பக்கிரி வருவதற்கு முன்பு தட்டிக்கு அந்தப் பக்கம் புல்லுக்கட்டும் கொள்ளு மூட்டையும் கிடந்தன. இப்போது பக்கிரி கிடந்தான்.

பக்கிரி வாலிபத்தில் கப்பலேறிப் போனவன். போவதற்கு முன்னால் மாமன் மகள் கெங்கம்மாவை அவனுக்கென்று பேசி, பாக்கு வெற்றிலையும் மாற்றியாகிவிட்டது. ஒரு நாள் துறைமுகத்துக்குக் கூலி வேலை என்று போனவன் ஆப்பிரிக்காவில் இருக்கிற நெட்டாலுக்குப் போய்விட்டான். பேசின பேச்சு வீணாகக் கூடாது என்று, பெண்ணை மூத்தவனுக்குக் கட்டினார்கள். தம்பிக்குக் கட்ட வேண்டியதை அண்ணனுக்குக் கட்டின கதைதான். பிள்ளை குட்டி இல்லை. ஆனாலும் கெங்கம்மா குறையாகச் சொன்னதில்லை. கல்யாணமான புதிதில் 'மாமா' என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவள், எந்த வருஷத்திலோ அதை விட்டுவிட்டு 'இந்தாய்யா' என்று ஆரம்பித்தாள். அதை அவன் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை, தம்பி திரும்பி வந்து இறங்குகிற வரைக்கும். தலை நரைத்து, தாடை ஒட்டி, தகரப்பெட்டியோடு வாசலில் நின்றவனைப் பார்த்ததும் கெங்கம்மா வாயிலிருந்து தானாக வந்தது. "சின்ன மாமா."

மண்ணாங்கட்டிக்குத் தன் பேரின் மேலேயே ஒரு கோபம் உண்டு. முன்னால் பிறந்ததெல்லாம் தங்காமல் போனதால், எந்தக் கண்ணும் படக் கூடாது என்று அவன் அம்மா மண்ணாங்கட்டி என்று வைத்தாள். வைத்தபடியே ஆயிற்று. ஆயுசு முழுக்க ஒருத்தர் கண்ணும் அவன் மேல் படவில்லை. தெருவிலும் ஜட்கா ஸ்டாண்டிலும் அந்தப் பேரையும் முழுசாகச் சொல்ல யாருக்கும் பொறுமை இல்லை. 'மண்ணு' என்றார்கள். மண்ணு வந்தான், மண்ணு போனான்.

பக்கிரி கொண்டுவந்த தகரப்பெட்டிக்குள் ஒரு பிஸ்கோத்து டப்பா. டப்பாவுக்குள் போட்டோப் படங்கள். நெட்டாலில் கரும்பு வெட்டிச் சலித்துப்போய், செடி பொறுக்குகிற ஒரு துரையிடம் அவன் சமைத்துப் போடுகிற குசினிக்காரனாகச் சேர்ந்தானாம். கோவேறு கழுதை வண்டியில் வருஷக்கணக்காகப் பாலைவனம் பாலைவனமாகச் சுற்றினார்களாம். துரை ஒரு கறுப்புப் பெட்டியை வயிற்றில் வைத்துக்கொண்டு படம் பிடிப்பானாம், அதில் பிரதி போட்டு இவனுக்கும் கொடுப்பானாம். எந்த ஊர்த் துரை குசினிக்காரனுக்குப் படம் கொடுப்பான்? களவாடிக்கொண்டு வந்திருப்பான் என்றுதான் மண்ணாங்கட்டிக்குத் தோன்றியது.

குழாயில் தண்ணீர் நின்றுபோனதும் தெருப் பெண்களெல்லாம் பக்கிரி வாசலில் கூடிவிடுவார்கள். படங்களில் அப்படி ஒன்றும் இல்லை. ஒன்றுமே இல்லாததுதான் அவர்களுக்கு அதிசயம். வீடு இல்லை, கோபுரம் இல்லை, ஒரு பனைமரம்கூட இல்லை. தரை போய்க்கொண்டே இருந்து, எங்கேயோ ஒரு கோட்டில் வானத்தோடு ஒட்டிக்கொள்கிறது. அந்தத் தரையில் கந்தல் துணியைப் பிரித்துப் போட்டதுபோல ஒரு செடி. அதற்கு ஆயுசுக்கும் இரண்டே இலைதானாம், அதுவே கிழிந்து கிழிந்து வளருமாம். இன்னொரு படத்தில் வெறும் கூழாங்கல். கல் இல்லை, அதுவும் செடிதான், மிதித்தால்தான் தெரியும் என்றான் பக்கிரி. பெண்கள் கன்னத்தில் கை வைத்தார்கள்.

கெங்கம்மா மட்டும் செடியைப் பார்க்கவில்லை. அந்தத் தரையையே பார்த்தாள். திருவொற்றியூருக்கு அந்தப் பக்கம் போகாதவள். விரலைப் படத்தின் மேல் படாமல் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்குக் கொண்டுபோனாள். "இம்மாம் எடமும் சும்மாவா கீது?" என்று கேட்டாள். அப்படி ஒரு குரலில் அவள் மண்ணாங்கட்டியிடம் எதையும் கேட்டதில்லை.

தள்ளி நின்று புல்லுக்கட்டை உதறிக்கொண்டிருந்த மண்ணாங்கட்டிக்குப் பொறுக்கவில்லை. "மவுண்ட் ரோட்டு ஸ்டுடியோவுல அரமனையே துணில எழுதி வச்சிகிறான். அதுக்கு முன்னால நின்னா என் குதிரகூட ராஜாவூட்டுக் குதிரதான். இதுவும் துணிதான், போங்கடி" என்றான். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. எதிர்வீட்டு ஜைதூன் பீ மட்டும், வாயில் இருந்த வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு, "துணியானா இன்னா மண்ணு, நீ லஸ்ஸு மூலைய தவிர இன்னாத்த காட்டின உன் பொஞ்சாதிக்கு?" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். கெங்கம்மா சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது அவனுக்கு.

ஒரு படம் மட்டும் அவன் கண்ணிலும் ஒட்டிக்கொண்டது. கல்லுமலைச் சரிவு. அதில் வரிசையாக ஆட்கள் நிற்பதுபோலச் செடிகள். கை இல்லை, கிளை இல்லை. ஆள் உயர உடம்பு, முழுக்க முள், உச்சியில் குடுமிபோல ஒரு கொத்து இலை. எல்லாத் தலையும் ஒரே பக்கமாகச் சாய்ந்திருந்தன.

"அங்கத்தி ஜனங்க இத்த பாதியாளுன்னு சொல்வாங்க" என்றான் பக்கிரி. "எதையோ வுட்டுட்டு வந்த மனுசங்களாம். வுட்டத பாத்துகினே நின்னு நின்னு, பாதி செடியா பூட்டாங்களாம். எந்தக் காத்து அடிச்சாலும் தலை மட்டும் அந்தப் பக்கம்தான்."

அதைச் சொல்லும்போது பக்கிரி யாரையும் பார்க்கவில்லை. கெங்கம்மாதான் அவனைப் பார்த்தாள். அதை மண்ணாங்கட்டி பார்த்தான்.

அதற்கப்புறம்தான் அந்த மத்தியானம் வந்தது. சவாரி இல்லை, குதிரைக்கும் நுரை தள்ளியது என்று நேரத்தோடு வீட்டுக்கு வந்து, தட்டிக்கு இந்தப் பக்கம் வெறும் தரையில் படுத்திருந்தான். வெயிலில் கீற்று முறுகிக்கொள்கிற சத்தம் தவிர உலகத்தில் ஒரு சத்தம் இல்லை. காதுக்குள் ரத்தம் ஓடுவதுகூடக் கேட்டது. அப்போது தட்டிக்கு அந்தப் பக்கத்து வாசலில் கெங்கம்மாவின் குரல், தணிந்து:

"அப்போ மண்ணு வேணாமா சின்ன மாமா?"

"மண்ணு எதுக்கு? மண்ணு இல்லாமலே தழைக்கும்."

"நல்லதாப் போச்சு. மண்ணு வேணாம்." ஒரு சிரிப்பு. அவளுடைய சிரிப்புதான். முப்பது வருஷத்துக்கு முந்தியது.

கூடவே கயிறு இழுத்து முடிச்சுப் போடுகிற சத்தமும் கேட்டது. ஊர்க் கண்ணு, நஜரெல்லாம் இந்த டப்பா மேலதான், வாசல்ல எதையாவது கட்டுங்க என்று ஜைதூன் பீ காலையில் சொன்னதும் அவன் காதில் விழுந்துதான் இருந்தது. ஆனால் அந்த நேரத்தில் அவனுக்கு வேறு எதுவும் ஞாபகம் வரவில்லை. மண்ணு வேணாம். தன் பேர் ஒரு மனுஷனுக்குத் தெரியாதா?

எழுந்து வெளியே வந்தபோது அவர்கள் இல்லை. கட்டை மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது. செத்துப்போனது என்று துரை தூக்கிப் போட்ட பாதியாள் கன்றாம், பெட்டியின் அடியில் துணிக்குள் சுற்றி வைத்திருந்தானாம். பிறகு கெங்கம்மாவே சொன்னாள். மண்ணாங்கட்டி அதை நிமிர்ந்து பார்த்தான். தம்பியின் முகத்தைப் பார்த்துக் கேட்க முடியாததையும், பெண்டாட்டியின் முகத்தைப் பார்த்துக் கேட்க முடியாததையும் அதைப் பார்த்துக் கேட்டான். வாய் திறக்கவில்லை. கண்ணாலேயே கேட்டான்.

அன்றிலிருந்து போகும்போதும் பார்த்தான், வரும்போதும் பார்த்தான். பார்க்காமல் போக முடியவில்லை.

வேர் நுனி ஈரமாக இருந்ததைக் கண்டது அதற்கப்புறம்தான். பிறகு சாம்பல் தோலில் ஒரு மினுமினுப்பு ஏறியது, எண்ணெய் தேய்த்துக் குளித்து வந்தவன் முதுகுபோல. பிறகு கீழே தொங்கிய தலையில் இரண்டு இலை விட்டது. தெருவே கூடி வேடிக்கை பார்த்தது. மண் இல்லை, தண்ணீர் இல்லை, எதைத் தின்று வளர்கிறது என்று கேட்டார்கள். மண்ணாங்கட்டி தண்ணீர் குடிக்க உள்ளே போனான். கொஞ்ச நாளாகவே அவனுக்கு அடங்காத தாகம். சொம்பு சொம்பாகக் குடித்தாலும் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. கை நகம் பட்ட இடமெல்லாம் தோல் வெள்ளையாகச் செதில் விட்டது. குதிகால் குளத்துச் சேறுபோல வெடித்தது. வெயில் என்றான். கார்ப்பரேஷன் தண்ணீர் என்றான். லஸ் ஸ்டாண்டில் பக்கத்து வண்டிக்கார இனாயத், "இன்னா மண்ணு, காஞ்சி பூட்டே? தம்பி வந்தா அண்ணனுக்கு சதை போடணும்பா" என்றான். அவனோடும் பேச்சை நிறுத்திக்கொண்டான்.

அவனுக்கு உள்ளுக்குள் திக்கென்றது குதிரையால்தான். அவன் கையிலேயே தின்று வளர்ந்த மட்டக்குதிரை. ஒரு நாள் காலை, குனிந்து சேணத்து வாரை இறுக்கிக்கொண்டிருந்தபோது, அதன் மூச்சு சூடாகப் பிடரியில் பட்டது. நக்குகிறது என்று விட்டுவிட்டான். அப்புறம் அதன் பல் பட்டது. கடிக்கவில்லை. மெதுவாக, ருசியாக, உதட்டைக் குவித்து, புல்லை மேய்வதுபோலப் பிடரியை மேய்ந்தது.

அவன் அதை அடித்தான். அதுவரை அடித்ததே இல்லை.

பக்கிரி அடையாற்றுப் பக்கம் ஒரு பங்களாவில் சமையல் வேலைக்குப் போக ஆரம்பித்திருந்தான். கெங்கம்மாவும் ஜைதூன் பீயும் குடத்தை எடுத்துக்கொண்டு தூரத்துக் குழாய்க்குப் போன ஒரு உச்சி வேளை. நிழல் என்பதே காலுக்கடியில் ஒளிந்துகொள்கிற வெயில். நாய்கூடத் தெருவில் இல்லை. மண்ணாங்கட்டி தம்பி வாசலில் குனிந்து நுழைந்தான். குனிந்தது போதவில்லை. அந்த இரண்டு இலையும் நெற்றியைத் தடவின. காய்ச்சல்காரன் நெற்றியில் ஈரத்துணி போட்டதுபோல ஜில்லென்று, ஒரு நொடி, இதமாகக்கூட இருந்தது. அதுதான் அவனுக்குப் பிடிக்கவில்லை.

டப்பாவைத் திறந்தான். மழை வாசனை குப்பென்று அடித்தது. பாதியாள் படத்தைத் தேடி எடுத்தான். கிழித்துப் போடத்தான் வந்தான். வாசல் வெளிச்சத்தில் பிடித்துக் கடைசியாக ஒரு தரம் பார்த்தான்.

அதே மலைச்சரிவு. அதே கல். அதே சாய்ந்த தலைகள். வரிசையின் கடைசியில், முன்பு வெறும் கல்லாக இருந்த இடத்தில், ஒரு குழி.

கன்று வைக்க வெட்டின குழி. அளவாக, வட்டமாக. தோண்டிப்போட்ட மண் பக்கத்தில் குவிந்திருந்தது. மற்ற மண்ணெல்லாம் வெளுப்பு. அந்தக் குவியல் மட்டும் ஈரக் கறுப்பு.

இந்தக் கட்டையைப் பிடுங்கின குழியாக இருக்கும் என்று சொல்லிக்கொண்டான். முன்னால் சரியாகப் பார்த்திருக்க மாட்டோம் என்று சொல்லிக்கொண்டான். முன்னால் சரியாகத்தான் பார்த்திருந்தான். கிழிக்கக் கை வரவில்லை. டப்பாவுக்குள் போட்டு மூடி அழுத்தினான். வாசலுக்கு வந்தான். புல் அறுக்கிற அரிவாளால் கயிற்றை அறுத்தான்.

விழுந்தது. கட்டை விழுகிற சத்தம் இல்லை. தூக்கத்தில் பிள்ளை உருண்டு விழுகிற சத்தம்.

உதைத்துத் தள்ளினான். வெடித்த குதிகாலுக்குள் முள் ஏறியது. பிடுங்கிப் போட்டான். ரத்தம் வரவில்லை. கட்டையைக் கோணியில் சுற்றித் தூக்கியபோது கனத்தது. சூடாக இருந்தது, ஆள் எழுந்துபோன பாய்போல. வண்டிப் பக்கமே வரக் குதிரை மறுத்தது. கோணியைத் தோளில் போட்டுக்கொண்டு நொச்சிக்குப்பத்து மணலுக்கு நடந்தான்.

கவிழ்த்துப் போட்ட கட்டுமரங்கள். வலை காய்ந்துகொண்டிருந்தது. ஆள் அரவம் இல்லை. மணலில் இறங்கி, ஈர மணல் தொடங்குகிற இடத்துக்கு நடந்தான். நடந்தான். அலைச்சத்தம் எப்போது நின்றது என்று அவனுக்குத் தெரியாது. நிமிர்ந்தான். கடல் இல்லை. தரை. வெளுத்த தரை. போய்க்கொண்டே இருக்கிற தரை. எங்கேயோ ஒரு கோட்டில் வானம். திரும்பினான். கட்டுமரம் இல்லை. குப்பத்துக் குடிசை இல்லை. தோளில் கோணி லேசாக அசைந்தது, தூக்கம் கலைகிற மாதிரி.

வீசினான்.

ஓடினான்.

அலை இரைந்தது. ஒரு மீன்காரப் பெண்பிள்ளை கூடையோடு எதிரே வந்து, "இன்னா பெர்சு, வெயிலு மண்டைக்கு ஏறிகிச்சா?" என்று கேட்டுவிட்டுப் போனாள். ஆமாம், வெயில்தான். வெயில் என்ன வேண்டுமானாலும் காட்டும்.

பக்கிரி வந்து அறுந்த கயிற்றைப் பார்த்தான். அவன் கத்தியிருந்தால் மண்ணாங்கட்டியும் கத்தியிருப்பான், எல்லாம் அன்றோடு கொட்டித் தீர்ந்திருக்கும். பக்கிரி கத்தவில்லை. முகம் வெளிறிப்போய், "அண்ணாத்தே, முள்ளு கிள்ளு குத்திச்சா?" என்று மட்டும் கேட்டான். கெங்கம்மா உள்ளிருந்து வந்து, "மண்ணுல வேர் வுடக் கூடாதுன்னியே சின்ன மாமா" என்றாள். மண்ணாங்கட்டி அதையும் கேட்டுக்கொண்டான். இன்னமும் தன் முகத்துக்கு நேரேயே பேசுகிறார்கள். பாயை விரித்துத் தட்டியைப் பார்த்துப் படுத்துக்கொண்டான்.

குதிகால் வலிக்கவில்லை. வலித்திருந்தால் கவனித்திருப்பான். ஒரு நாள் கால் கழுவும்போது வெடிப்புக்குள் வெள்ளை நூல் ஒன்று தெரிந்தது. கோணி நூல் என்று இழுத்தான். வந்தது. இன்னும் இழுத்தான். இன்னும் வந்தது. முழ நீளத்துக்கு வந்தபின் நின்றது. பிறகு உள்ளேயிருந்து ஏதோ அதைத் திரும்ப இழுத்துக்கொண்டது. நிதானமாக. நூல் விரலிடுக்கில் வழுக்கி உள்ளே போனது.

அவன் யாரிடமும் சொல்லவில்லை. கந்தைத் துணியைக் காலில் இறுகச் சுற்றிக்கொண்டான்.

கழுத்தும் ஒரு பக்கமாகச் சாய ஆரம்பித்தது. வாயுப்பிடிப்பு என்று விளக்கெண்ணெய் தேய்த்துக்கொண்டான். தூங்கும்போது நேராகப் படுத்தால் விழிக்கும்போது தலை தட்டிப் பக்கம் சாய்ந்திருந்தது. திண்டை மாற்றினான். தலைமாட்டைக் கால்மாடாக்கினான். எப்படிப் படுத்தாலும் தலை தட்டியைப் பார்த்தது. வண்டியில் உட்கார்ந்தால் வீடு எந்தத் திசையோ அந்தத் திசை. லஸ்ஸில் நின்றால் தெற்கே. மந்தைவெளிக்கு அப்பால் போய்விட்டால் வடக்கே. தம்பி வாசலில் கெங்கம்மா நிற்கிறாளா, சிரிக்கிறாளா என்று பார்க்கத்தான் அந்தத் தலைக்கு ஆசை. அது எத்தனையோ நாள் ஆசை. இப்போது எலும்புக்குள் இறங்கிவிட்டது, அவ்வளவுதான்.

கடைசியில் கெங்கம்மாதான் கண்டாள். வாசலில் வெயிலில் அசையாமல் நின்றுகொண்டிருந்தான். காலையில் நின்றவன், வெயில் உச்சிக்கு ஏறியும் நின்றான். உள்ளே வாய்யா என்று அவள் கையைப் பிடித்து இழுத்தாள். வரவில்லை. இன்னும் பலமாக இழுத்தாள். காலுக்கடியில் சரசரவென்று ஒரு சத்தம். புல்லைப் பிடுங்குகிற சத்தம். அவள் குனிந்து பார்த்தாள். நிமிர்ந்து அவன் பிடரியைப் பார்த்தாள். கையை வாயில் வைத்துக்கொண்டாள்.

"சின்ன மாமா" என்றாள், தட்டிப் பக்கம் திரும்பி. "சின்ன மாமா, இங்க வா. எல."

மண்ணாங்கட்டி பிடரியைத் தடவினான். குடுமிக்குக் கீழே, மெத்தென்று, ஜில்லென்று, இரண்டு. காதுமடல்போல. புல்லுக்கட்டு சுமந்தால் புல் ஒட்டாதா? பிடித்து இழுத்தான். பிடரியில் இழுத்தது குதிகாலில் வலித்தது.

கையை எடுத்துவிட்டான்.

பக்கிரி வந்து நின்றான். எதிரே வந்து நிற்கத் தைரியமில்லாமல் பக்கவாட்டில் நின்று, "அண்ணாத்தே, அத்த எத்தினி தபா பாத்தே?" என்று கேட்டான். தன்னைப் பார்க்கிற கண்ணைத்தான் அது தின்னும், தின்கிற அளவுக்கு யாரும் பார்க்கப்போவதில்லை என்றுதான் கட்டினேன், நம்ம வீட்டுக்குள்ளேயே அப்படி ஒரு கண் இருக்கும் என்று எனக்குத் தெரியாது என்று அழுதான். அழுகிற மூஞ்சியைப் பார்த்தால் மண்ணாங்கட்டிக்குச் சிரிப்பு வந்தது. கப்பலேறுகிற அன்றும் இப்படித்தான் அழுதிருப்பான்.

"ரெண்டு பேரும் பேசினத நான் கேட்டேன்" என்றான். அவன் குரலே வறண்டு, சருகு உரசுவதுபோல வந்தது. "மண்ணு வேணாம்னு சொன்னே. சிரிச்சே."

கெங்கம்மாவுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியபோது தலையில் அடித்துக்கொண்டாள். "செடிக்குச் சொன்னேன்யா. செடிக்கு மண்ணு வேணாமான்னு கேட்டேன். உன்னியா சொல்வேன்? உன்னிய விட்டா எனக்கு யாரு கீறாங்க?" அவள் அவனுடைய செதில் விட்ட கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "மாமா" என்றாள். "உள்ள வா மாமா."

எத்தனை வருஷம். அந்த ஒரு சொல்லுக்காக எத்தனை மத்தியானம் தட்டியில் காதை வைத்துக்கொண்டு கிடந்திருக்கிறான். உடம்புக்குள் ஏதோ அந்தச் சொல்லை மடக் மடக்கென்று குடித்தது. பிடரியில் இலை சிலிர்த்தது. ஒரு நொடி அவளோடு உள்ளே போய்விடலாம் என்றுதான் இருந்தது.

அப்புறம் யோசித்தான். இத்தனை வருஷம் வராத மாமா இன்றைக்கு மட்டும் எப்படி வரும்? பக்கத்தில் யார் நிற்கிறான்? சொல்லிக் கொடுத்துக் கூப்பிட வைக்கிறான். கையை உதறினான்.

"நல்லா எழுதிகிறீங்க துணில, ஸ்டுடியோவாட்டம்" என்றான்.

காலைத் தூக்கினான். பிய்ந்தது. அடுத்த காலைத் தூக்கினான். பிய்ந்தது. நடந்தான். பின்னால் கெங்கம்மா மாமா மாமா என்று கூப்பிட்டது கேட்டது. பிறகு கூப்பிடுவது நின்று, அவளிடமிருந்து வேறு ஒரு சத்தம் வந்தது. தெருவெல்லாம் மழை வாசனை. ஜைதூன் பீ வெளியே வந்து வானத்தைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்தாள். வாசல் கதவைச் சாத்தித் தாழ் போட்டாள்.

அவன் திரும்ப வேண்டியிருக்கவில்லை. தலைதான் ஏற்கெனவே அந்தப் பக்கம் திரும்பியிருந்ததே. கொதிக்கிற புழுதியில் அவன் வைத்த ஒவ்வொரு அடியும் ஈரமாக இருந்தது. ஒவ்வொரு ஈரத்திலும் வெள்ளையாக ஒரு வேர் நெளிந்து இறங்கிக்கொண்டிருந்தது. ஒவ்வொன்றின் மேலும் இரண்டே இலை. வீட்டு வாசலிலிருந்து அவன் கால் வரைக்கும் வரிசையாக, எல்லாம் கெங்கம்மா பக்கம் தலை சாய்த்து நின்றன.

எவனோ ராத்திரியே கொண்டுவந்து நட்டு வைத்திருக்கிறான் என்று நினைத்துக்கொண்டான். பக்கிரி செய்யக்கூடியவன்தான். செடி பொறுக்குகிற துரையோடு சுற்றினவன்.

தலையை அவள் பக்கம் சாய்த்தபடியே, மண்ணாங்கட்டி எதிர்ப்பக்கம் நடந்து போனான்.